முப்பது ஆண்டுகள் நின்றுபோன ராணுவ லாரி: எங்கே தொடங்குவது, யாரிடம் எதைக் கேட்பது

முப்பது ஆண்டுகளாக வெட்டவெளியில் நின்ற, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஜிஎம்சி சிசிகேடபிள்யூ இரண்டரை டன் ராணுவ லாரி ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது, இன்ஜின் சுற்றவில்லை, பழைய ராணுவ வண்டிகளில் ஆர்வமுள்ள மூன்று நான்கு பேர் உதவ முன்வந்திருக்கிறார்கள், முழுவதையும் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாமா, எங்கே தொடங்குவது, அவர்களிடம் எதைக் கேட்பது என்பவை உங்கள் கேள்விகள்.

பிரிக்கும் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போது வேண்டாம். என் முதல் லாரியை ஆறே வாரத்தில் கடைசி போல்ட் வரை பிரித்தேன். அதைத் திரும்பக் கூட்டி ஓட்டுவதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. வேலையின் கடினத்தால் ஏற்பட்ட தாமதம் அதில் பாதிகூட இல்லை. எந்த போல்ட் எந்த ஓட்டையில் இருந்தது, எந்தத் தாங்கி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று தெரியாமல் விழித்த நாட்களே அதிகம். 'போல்ட், பலவகை' என்று நானே எழுதி ஒட்டிய தகர டப்பா ஒன்று இன்னும் அலமாரியில் இருக்கிறது. பிரிக்காத லாரி தன்னைப் பற்றிய கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லும். பிரித்துப் போட்ட லாரியைப் பற்றி மற்றவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களோ உங்கள் லாரியை முழுதாகப் பார்த்தவர்கள் அல்லர்.

உதவ வருகிறவர்களிடம் தோள்பலத்தைவிடப் பெரிய சொத்து ஒன்று உண்டு. இதே போல்ட்டை இதற்கு முன் எப்படி முறித்தோம், இதே பாகத்தை எப்படித் தவறாக மாட்டினோம் என்ற நினைவுதான் அது. பொதுவான கேள்விக்கு அந்த நினைவு வெளிவராது. 'இன்ஜின் இறுகிவிட்டது, என்ன செய்யலாம்' என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்து அபிப்பிராயங்கள் கிடைக்கும். 'ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டோம், நான்காம் சிலிண்டரில் துரு தெரிகிறது, முன்புறக் கைப்பிடியால் கால் சுற்றுப் போய் நின்றுவிடுகிறது' என்று கேட்டால், பத்துப் பேரில் எட்டுப் பேர் பேசாமல் இருப்பார்கள். மற்ற இருவர் சொல்வது உங்களுக்கு ஆண்டுகளை மிச்சப்படுத்தும். ஆகவே முதல் மாத வேலை முழுவதும் அப்படிக் கேட்பதற்கான விவரங்களைத் திரட்டுவதுதான்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதிலிருந்து தொடங்குங்கள். சிசிகேடபிள்யூ என்பது எழுத்துக் குறியீடு. முதல் 'சி' 1941ஆம் ஆண்டு வடிவமைப்பையும், அடுத்த 'சி' வழக்கமான கேபினையும், 'கே' முன்சக்கரங்களும் இயங்குவதையும், 'டபிள்யூ' பின்னாலுள்ள இரண்டு அச்சுகளும் இயங்குவதையும் குறிக்கும். 1941 முதல் 1945 வரை ஐந்து இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவை தயாராயின. பாகங்கள் இன்றும் கிடைப்பதற்கு அந்த எண்ணிக்கைதான் காரணம். ஆனால் இத்தனை வண்டிகளும் ஒன்றுபோல் இருந்துவிடவில்லை. மாடல் எண் 352 என்றால் வீல்பேஸ், அதாவது முன், பின் அச்சுகளுக்கு இடையிலான நீளம், 145 அங்குலம்; 353 என்றால் 164 அங்குலம். முதலில் வந்தவை முழுதும் எஃகாலான மூடிய கேபின் கொண்டவை; பின்னர் வந்தவற்றில் கித்தான் கூரையுடன் திறந்த கேபின். எஃகைச் சேமிப்பதற்காகப் போரின் நடுவில் சரக்குப் பெட்டியை மரத்தில் செய்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆக்சில், அதாவது சக்கர அச்சும் அதை மூடிய ஹவுசிங் என்ற உறையும். நடுவில் இரண்டு பாதிகளாகப் பிளந்து சுற்றிலும் போல்ட் போட்டு இணைத்த ஹவுசிங் என்றால் அது 'ஸ்பிளிட்' வகை. ஒரே துண்டாக வட்டமாகப் பருத்து, பின்னால் மூடி வைத்திருந்தால் 'பேன்ஜோ' வகை. இரண்டின் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள் உட்பட உள்பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறாது. நீங்கள் எதைக் கேட்டாலும், விவரம் தெரிந்தவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

டாஷ்போர்டில் உள்ள தகடுகளில் மாடல், வரிசை எண், ராணுவத்திடம் ஒப்படைத்த தேதி ஆகியவை இருக்கும். அவற்றை நம்புங்கள், ஆனால் முழுவதும் நம்பிவிடாதீர்கள். போருக்குப் பின் இந்த லாரிகளைப் பல நாட்டு ராணுவங்கள் பல ஆண்டுகள் வைத்திருந்தன. பிரெஞ்சு ராணுவம் ஏராளமானவற்றைப் பட்டறைகளில் முழுதாகப் பிரித்துப் புதுப்பித்துப் பயன்படுத்தியது. அப்படிப் புதுப்பிக்கும்போது ஒரு வண்டியின் கேபின், மற்றொன்றின் சேஸிஸ் என்ற அடிச்சட்டம், மூன்றாவதன் இன்ஜின் என்று சேர்ந்துவிடுவது இயல்பு. எனவே தகட்டில் இருப்பதையும், சேஸிஸில் பொறித்திருப்பதையும், இன்ஜின் பிளாக்கில் இருப்பதையும் தனித்தனியே குறித்து வையுங்கள். மூன்றும் பொருந்தாவிட்டால் வருந்த வேண்டியதில்லை. அதுவும் அந்த லாரியின் வரலாறுதான்.

அடுத்தது கையேடுகள். இந்த வண்டியை ஓட்டுவது, பராமரிப்பது பற்றிய போர்க்கால ராணுவக் கையேடு டிஎம் 9-801. பாகங்களின் பட்டியல் எஸ்என்எல் ஜி-508. இரண்டின் நகல்களும் எளிதில் கிடைக்கும். பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் உள்ள எண்ணைக் கொண்டு கேட்பவருக்கும், 'அந்த வளைந்த குழாய்' என்று கேட்பவருக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு. இந்த 270 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின் போருக்குப் பின்னும் சாதாரண லாரிகளில் தொடர்ந்து வந்ததால், சில பாகங்களை ராணுவப் பொருள் விற்பவரிடம் தேடுவதைவிடப் பழைய லாரி பாகம் விற்பவரிடம் தேடுவதே மேல். பாக எண் தெரிந்தால்தான் அதுவும் நடக்கும்.

பெயிண்டைச் சுரண்டுவதற்கும் மணல் பீச்சுவதற்கும் ஆள் தயாராக இருப்பார். அவரைச் சற்று நிறுத்தி வையுங்கள். ஒரு மாலையில் என் லாரியின் பானெட் பக்கத்தை மிக மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தோம். மேலே பளபளப்பான பச்சை, அதன் கீழ் ஒரு சாம்பல், அதன் கீழ் இன்னொரு பச்சை என்று மர வளையங்களைப்போல் விளிம்புகள் தெரிந்தன. உள்ளங்கை அகலம் தேய்த்தபோது மங்கிய நீலத்தில் ஒரு '4' எழுந்து வந்தது. அமெரிக்க ராணுவப் பதிவெண்கள் போரின்போது அந்த நீலம் கலந்த மங்கல் நிறத்தில் எழுதப்பட்டன, பின்னர் வெள்ளை நிறத்துக்கு மாறின. இரண்டரை டன் லாரிகளின் எண் 4இல் தொடங்கும். நான்கு மணி நேரத்தில் முழு எண்ணும் கிடைத்தது. அதற்கு முந்தைய வாரம்தான் மணல் பீச்சுபவருக்குத் தேதி கொடுத்திருந்தேன். நண்பர் ஒருவர் தடுத்திராவிட்டால் அந்த எண் தூசியாகப் போயிருக்கும். தேய்க்கும்போது ஈரமாகவே தேய்க்க வேண்டும், முகமூடியும் வேண்டும். அக்காலப் பெயிண்டுகளில் ஈயம் உண்டு. டாஷ்போர்டு தகட்டின் பின்புறம், பேட்டரிப் பெட்டியின் அடி போன்ற வெயில் படாத இடங்களில் பழைய ஆலிவ் நிறம் மாறாமல் இருக்கும். நிறத்தைப் பற்றிய வாதங்களில் இறங்குமுன் அந்தத் துண்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாதங்கள் முடிவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வேலை. பெரும்பாலோர் இன்ஜினில் தொடங்குவார்கள். ஒலி கேட்க வேண்டும் என்ற ஆசை. நான் சக்கரத்தில் தொடங்கச் சொல்வேன். சக்கரம் சுற்றி, பிரேக் பிடித்தால் லாரியைக் கூரைக்குள் கொண்டுபோகலாம், ஒழுங்காக நிறுத்தலாம், தேவைப்பட்டால் இழுக்கலாம். நான்கு டன் எடையுள்ள ஒன்று தன் விருப்பத்துக்கு நகரும் இடத்தில் நண்பர்களை வேலை செய்யவிடக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் போக வேண்டாம். உறுதியான ஸ்டாண்டு போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே போக வேண்டும்.

இந்த லாரியின் 20 அங்குலச் சக்கரங்களில் டயரைப் பிடித்திருப்பது தனியான ஓர் எஃகு வளையம். துருப்பிடித்த வளையம் சரியாக உட்காராத நிலையில் காற்று அடித்தால், அது தெறித்து ஆளையே கொன்றுவிடும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கழற்றுவதற்கு முன் வால்வின் ஊசியையே எடுத்துக் காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். திரும்ப மாட்டும்போது எஃகுப் பாதுகாப்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட குழாயால், தள்ளி நின்று காற்று அடிக்க வேண்டும். கூண்டு இல்லையென்றால் அந்த வேலையைக் கனரக டயர் பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள். நண்பர்களின் உற்சாகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாத ஒரே வேலை இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கர நட்டுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. இடப்பக்கச் சக்கரங்களில் மரை இடப்புறமாக வெட்டியிருக்கும்; வழக்கம்போல் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். பெரிய குழாயை மாட்டி இரண்டு பேர் தொங்கினால் ஸ்டட் முறிந்துவிடும். புதிதாக வரும் உதவியாளர் ஒவ்வொருவரும் இதில் ஒருமுறையாவது விழுவார், வந்தவுடன் சொல்லிவிடுங்கள்.

பிரேக் டிரம்மைத் திறந்தால் கறுப்புத் தூள் இருக்கும். அக்கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டென்பதால் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வீல் சிலிண்டர்கள் பெரும்பாலும் துருப்பிடித்து இறுகியிருக்கும். இங்கேதான் ஒருவர் மெழுகுத்தாளில் சுற்றி, காஸ்மோலின் என்ற துருத்தடுப்புப் பசை பூசி, போர்க்காலத்தில் கட்டிய பொட்டலம் பிரிக்காத சிலிண்டர் ஒன்றை அன்போடு கொண்டுவந்து தருவார். கண்ணுக்கு அழகாக இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பருக்கு எண்பது வயது. வார்ப்பை வைத்துக்கொண்டு ரப்பரைப் புதிதாகப் போடுங்கள். பொட்டலம் பிரிக்காதது என்பதாலேயே எந்த ரப்பரையும் நம்பக் கூடாது. இந்த வண்டியின் ஹைட்ராலிக் பிரேக் ஒரே சுற்றில் ஓடுவது. எங்காவது ஓரிடத்தில் ரப்பர் கிழிந்தால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் போய்விடும்.

பிரேக் எண்ணெயில் இரண்டு கட்சிகள் உண்டு. வழக்கமான கிளைக்கால் வகை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதிகம் ஓடாத வண்டியில் அதுவே சிலிண்டரை அரிக்கும். சிலிக்கோன் வகை ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்டையும் கெடுக்காது. ஆனால் காற்றுக் குமிழை முழுதாக வெளியேற்றுவது கடினம், மிதி சற்றுப் பஞ்சுபோல் இருக்கும். எல்லாக் குழாய்களையும் ரப்பரையும் புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் சிலிக்கோனே சரி என்பது என் கருத்து. இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் மட்டும் கட்சி கிடையாது.

இப்போது இன்ஜின். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் தானியங்கி கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். தீப்பொறி அருகில் இருக்கக் கூடாது. மூன்று நான்கு வாரம் விடுங்கள், குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருங்கள். பிறகு முன்புறக் கைப்பிடியால் முன்னும் பின்னும் சிறிதாக ஆட்டிப் பாருங்கள். கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுத்தால் 'டக்கென்று விட்டுவிடும்' என்று யாராவது கட்டாயம் சொல்வார். விடும், கனெக்டிங் ராடு வளைந்தும் விடலாம். கியர் குறைப்பின் வழியாக நான்கு டன் வண்டி பிஸ்டன்மேல் போடும் விசைக்கு எந்தக் கணக்கும் இல்லை.

சுற்றத் தொடங்கியதும் கொண்டாடிவிடாதீர்கள். இது வால்வுகள் சிலிண்டர்களின் மேலே இருக்கும் மேல்வால்வு இன்ஜின்; கீழேயுள்ள கேம், புஷ்ராடு என்ற மெல்லிய கம்பியின் வழியாக அவற்றைத் திறக்கும். பிஸ்டன் விடுபட்டாலும் வால்வுகள் தம் கைடுகளில் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சுற்றினால் கேம் தள்ள, வால்வு அசையாமல் நிற்க, நடுவில் மாட்டிய புஷ்ராடு கோரைப்புல்லைப்போல் வளையும். என் லாரியில் பன்னிரண்டில் ஐந்து வளைந்தது இப்படித்தான். ராக்கர் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வால்வின் தலையிலும் எண்ணெய் விட்டு, மென்மையான சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். அமுங்கித் தானே எழ வேண்டும். பன்னிரண்டும் எழுந்த பிறகே முழுச் சுற்று. ஆயில் சம்ப்பைக் கழற்றினால் அடியில் தார்போல் படிந்திருப்பதைக் காண்பீர்கள்; அதை வழித்தெடுக்காமல் புது எண்ணெய் ஊற்றுவதில் பயனில்லை. பிளக் இல்லாமலேயே சுற்றி, எண்ணெய் அழுத்தமானி அசைவதைப் பார்த்த பிறகு தீப்பொறியைக் கொடுங்கள். முதல் ஓட்டத்துக்கு லாரியின் சொந்த டேங்க்கைப் பயன்படுத்தாதீர்கள். உயரத்தில் கட்டிய சிறு டப்பாவே போதும். பழைய பெட்ரோல் டேங்க்கில் நெருப்பு வைத்து எந்த வேலையும் செய்யக் கூடாது, காலியாக இருந்தாலும் கூட.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட்டுகள் பெரும்பாலும் முறியவே முறியும். நட்டைச் சிவக்கக் காய்ச்சி, சற்று ஆறவிட்டு, மெழுகுவத்தியை மரையில் வைத்தால் மெழுகு உள்ளே இழுத்துக்கொள்ளும்; பாதி ஸ்டட்டுகளை அது காப்பாற்றும். முறிந்ததன்மேல் பெரிய நட்டு ஒன்றை வைத்து உள்ளே வெல்டிங் செய்து திருப்புவது மீதிப் பாதியை எடுத்துவிடும். இதற்குக் கைதேர்ந்த வெல்டர் ஒருவரை உங்கள் குழுவில் கண்டுபிடியுங்கள். அவர் வரும் நாளில் வேறு எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு வோல்ட் மின்சாரத்தை மாற்ற வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது என்று பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறுபவர்களில் பலர் மெல்லிய கேபிள் போட்டவர்களே. அதே வேலைக்கு ஆறு வோல்ட்டில் இருமடங்கு மின்னோட்டம் வேண்டும், அதற்குத் தடித்த கேபிளும் சுத்தமான எர்த்தும் வேண்டும். கியர்பாக்ஸில் வெண்கலப் பாகங்கள் இருப்பதால் கந்தகம் மிகுந்த புதுவகை எண்ணெயைத் தவிருங்கள். சேஸிஸை ஸ்பிரிங் தாங்கிகளின் அருகில் கூர்ந்து பாருங்கள். பெயரளவுச் சுமை 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ என்றாலும், 1944இல் ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் முன்னேறும் படைகளுக்குச் சரக்கு கொண்டுசென்ற ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற லாரி அணி போன்ற ஓட்டங்களில் அதைவிட வெகுவாக ஏற்றினார்கள். வெடிப்பு இருந்தால் அங்கேதான் இருக்கும்.

உதவ வருகிறவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஒருவரை வேலைக்கு அழைக்கும்போது என்ன வேலை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 'சும்மா வாருங்கள், பார்க்கலாம்' என்று அழைத்த நாட்களில் ஐந்து பேர் ஐந்து இடத்தில் எதையாவது கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் நீங்கள் ஒருவர் மட்டும் அந்தக் குவியலின் முன் நிற்பீர்கள். கேபினைத் தூக்குவது, முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தளிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்குவது, மரப் பெட்டிக்குப் பலகை பொருத்துவது ஆகியவற்றுக்குப் பலர் வேண்டும். பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர் போதும். கார்புரேட்டரை ஒருவரிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடலாம். மேசையில் அமர்ந்து செய்யும் வேலை பிடித்த ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். கழற்றியவரே பையில் போட்டு, இடத்தின் பெயரைத் தன் கையால் எழுதி, தேதி போட வேண்டும் என்பதை மட்டும் விதியாக்குங்கள்.

முடிவு எடுப்பவர் ஒருவராக இருக்க வேண்டும், அது நீங்களாக இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியா, போர்க்களத்தில் இருந்தபடியா, பின்னர் வேறொரு ராணுவத்தில் ஓடியபடியா என்பதை முதலிலேயே தீர்மானித்துச் சொல்லிவிட்டால், ஒவ்வொரு ரிவெட்டும் அசல்படி இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் நண்பரும் 'ஓடினால் போதும்' என்னும் நண்பரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய முடியும்.

பாகங்களில் கொடுக்கல் வாங்கல் கண்ணியமாக இருக்க வேண்டும். மாதிரிக்காக ஒருவர் தந்த பாகத்தை அளவெடுத்ததும் திருப்பிக் கொடுங்கள். இனிக் கிடைக்காத ஒரு தாங்கியையோ ரப்பர் உறையையோ புதிதாகச் செய்யக் கொடுக்கிறீர்கள் என்றால், ஒன்றுக்கு ஆகும் செலவுக்கும் பத்துக்கு ஆகும் செலவுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது; கொடுப்பதற்கு முன் மற்றவர்களிடம் கேளுங்கள். எனக்குக் கிடைத்த மிக நல்ல உதவிகள், நான் கூடுதலாகச் செய்து அனுப்பிய எட்டுத் தாங்கிகளுக்குப் பதிலாக வந்தவை. 1976இல் தொடங்கிய ராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கம், எம்விபிஏ, போன்ற அமைப்புகளில் உறுப்பினராவதன் பெரிய பயனும் இத்தகைய பழக்கம் ஏற்படுவதுதான்.

இந்த வாரம் லாரியைத் தொடாமல் சுற்றி வந்து படமெடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் தெரியட்டும். பிறகு மூன்று ஆக்சில் ஹவுசிங்குகளையும் கம்பித் தூரிகையால் லேசாகத் துடைத்து, பின்னாலிருந்து ஒரு படம், டாஷ்போர்டு தகடுகளின் படம், இன்ஜின் பிளாக்கில் உள்ள எண், இவற்றை அனுப்பிவையுங்கள். ஸ்பிளிட்டா பேன்ஜோவா என்பது தெரிந்துவிட்டால், பட்டியலின் எந்தப் பக்கங்கள் உங்களுக்குரியவை என்று குறித்துத் தருகிறேன்.